பொட்டலத்தில் சேராத குரல்

மடிக்கணினி பேசத் தொடங்கியபோது றிஸ்னா குசினியில் தேத்தண்ணிக்குச் சீனி போட்டுக்கொண்டிருந்தாள். "அஸ்ஸலாமு அலைக்கும். கடல் வரக்கூடும். எல்லாரும் மேற்கால போங்க." பள்ளிவாசல் மோதினார் மீராமுகைதீனின் நிதானமான குரல். சோதித்துப் பார்ப்பதற்காக, பள்ளிவாசலில் ஓடும் எச்சரிக்கை நிரலைத் தன் கணினியிலும் ஓடவிட்டிருந்தாள். எதையாவது தட்டிவிட்டிருப்போம் என்று நினைத்து, கையைத் துடைத்துக்கொண்டு வந்து பார்த்தாள். சுமாத்திராவுக்குப் பக்கத்தில், கடலுக்கடியில், பெரிய நிலநடுக்கம் என்று திரை சொன்னது. யன்னலைத் திறந்து காதைக் கொடுத்தாள். இந்நேரம் கரையோரப் பள்ளிவாசலும் இதையே சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். பள்ளிவாசல் வாய் திறக்கவில்லை.

சுனாமிக்குப் பிறகு பல்கலைக்கழகப் பிள்ளைகள் நாலைந்து பேர் சேர்ந்து பைத்தனில் எழுதிய மொடியூல் அது. இணையத்தில் நிலநடுக்கச் செய்தி வந்ததும் எடுத்து வாசித்து, பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் எச்சரிக்கையைப் போடும். எழுதிய புகழ் அவர்களுக்கு, மினக்கேடு றிஸ்னாவுக்கு. நிரலையும் அதற்கு வேண்டிய கோப்புகளையும் ஒரே பொட்டலமாகக் கட்டி, இன்னொரு கணினியில் ஏறி இயங்கச் செய்கிற பில்ட் ஸ்கிரிப்ட் அவள் பொறுப்பு. அவர்கள் ஒரு கோப்பை இடம் மாற்றினால் இவளுக்குத் தலையிடி. முதலில் வைத்திருந்த எச்சரிக்கையைக் கொழும்பில் யாரோ ஓர் அறிவிப்பாளர் வாசித்திருந்தார். இங்கே மருதமுனையில் ஒருவரும் அதை வாங்கிக் காதில் போட்டுக்கொள்ளவில்லை, சவர்க்கார விளம்பரம் என்றார்கள். பாங்கு சொல்லும் மனிசன் சொன்னால்தான் சனம் கேட்கும் என்று போன கிழமை மோதினாரைப் பேசவைத்துப் பதிந்தாள். அதைப் புதுக் கோப்புறை ஒன்றில் போட்டாள், பழையதை அழித்தாள், புதுப் பதிப்பைக் கட்டிப் பள்ளிவாசல் கணினியில் ஏற்றிவிட்டு வந்தாள். அங்கே ஒருதரம் பேசவிட்டுப் பார்க்கவும் வழியில்லை. ஊரே எழும்பி ஓடிவிடும்.

ஸ்கிரிப்டைத் திறந்தாள். எந்தெந்தக் கோப்புறைகளைச் சேர்த்துக் கட்ட வேண்டும் என்று சொல்லும் வரியில் பழைய பெயர்தான் இருந்தது. புதியதை அவள் எழுதவேயில்லை. கோப்பு இங்கே கிடந்ததால் இங்கே பேசியது. பள்ளிவாசலுக்குப் போன பொட்டலத்தில் குரலே இல்லை.

மோதினாருக்கு அழைத்தாள். ஊரில் எல்லாரும் ஒரே நேரத்தில் யாரையோ அழைத்துக்கொண்டிருந்திருக்க வேண்டும், தொடர்பு கிடைக்கவில்லை. வாசலில் அவள் புருசன் ஸப்ரி மோட்டார் சைக்கிளைக் கிளப்பிவிட்டான். அவர்களுடைய மூன்று வயது மகள் ஹனா முன்னால், பெற்றோல் டாங்கியில் உட்கார்ந்திருந்தாள்.

"ஏறு புள்ள! டீவியில சொல்றான்."

"நான் பள்ளிக்குப் போகணும். அங்க ஒண்டும் பேசாது. என்ட பிழை."

"பள்ளி கடலோரத்துலதானே இரிக்கி! உனக்கென்ன விசரா?"

"நீங்க புள்ளையக் கொண்டு மேற்கால நற்பிட்டிமுனைக்குப் போங்க. நான் வந்திருவன்."

அவன் அடுத்ததைச் சொல்லுமுன் அவள் ஒழுங்கைக்குள் இறங்கிவிட்டாள். நின்றால் ஏறிவிடுவோம் என்ற பயம் அவளுக்கு.

கடற்கரை வீதியில் வழக்கமான பின்னேரம். கமீலா வாசலில் குந்தியிருந்து மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். "ஓடுங்க ராத்தா, கடல் வருகுதாம்!" என்று றிஸ்னா கத்தினாள். கமீலா தலையை மட்டும் நிமிர்த்தினாள். "பள்ளியில ஒண்டும் சொல்லல்லியே புள்ள. சொன்னா ஓடுவம்தானே." பக்கத்து வீட்டுக்காரியும் ஓம் என்றாள். முன்பெல்லாம் ஒரு நாய் ஊளையிட்டாலே பாயைச் சுருட்டிக்கொண்டு ஓடிய சனம். பள்ளிவாசலுக்கு எச்சரிக்கைக் கணினி வந்த பிறகுதான் நிம்மதியாகப் படுத்து எழும்பியது. அந்த நிம்மதியைக் கொண்டுவந்து கொடுத்தவள் அவளேதான்.

முச்சந்தியில் ஆமிக் காவலரண். யுத்தம் முடிந்து சில மாதங்கள்தான், மணல் மூட்டையும் துவக்கும் அப்படியே இருந்தன. அதற்கு முன்னால் யாரும் ஓடுவதில்லை. குழந்தைகளுக்குக்கூட அது தெரியும். றிஸ்னாவும் ஓட்டத்தை நிறுத்தி, முந்தானையைச் சரிசெய்து, கடைக்குப் போகிறவள் போல நடந்தாள். இடப்பக்கம் துவக்கு, நேரே கடல். எதற்குப் பயப்படுவது என்று தெரியவில்லை. மூலை திரும்பியதும் செருப்பை உதறிவிட்டு ஓடினாள்.

பள்ளிவாசல் பக்கத்து அறையில் மோதினார் கணினியைப் பார்த்தபடி நின்றார். "என்னமோ சிவப்பா எழுதி நிக்கி மகள்." கோப்பு கிடைக்கவில்லை என்று எழுதியிருந்தது. அவள் ஒலிபெருக்கிப் பெட்டியை முடுக்கி, மைக்கை அவர் கையில் திணித்தாள்.

"மாமா, அண்டைக்குச் சொன்னதச் சொல்லுங்க. கடல் வருகுது."

அவர் மைக்கை வாயருகே கொண்டுபோனார். அன்றைக்கு ஒரே மூச்சில் சொல்லிவிட்டுச் சிரித்த மனிசன். இப்போது தாடை ஆடியது, சத்தம் வரவில்லை. இரண்டு ஆண்பிள்ளைகளைக் கடலுக்குக் கொடுத்தவர்.

"எனக்கேலா மகள். நீ சொல்லு."

அந்தப் பள்ளிவாசலில் இருந்து ஒரு பெண்ணின் குரல் அதுவரை வெளியே போனதில்லை. முதலில் அவள் மூச்சிரைப்புத்தான் ஊருக்குக் கேட்டது. பிறகு சொன்னாள். "கடல் வரக்கூடும். எல்லாரும் மேற்கால போங்க." மூன்றாம் தரம் சொல்லும்போது வீதி எழும்பியது. பிள்ளைகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு, கிழவர்களைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு, சனம் மேற்கே பாய்ந்தது. கமீலா போனாள். மோதினாரையும் யாரோ கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்கள். நிறுத்தினால் நின்றுவிடுவார்கள் என்று அவள் சொல்லிக்கொண்டேயிருந்தாள். முதுகுக்குப் பின்னால் கடல். திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

அப்போதுதான், திறந்த கதவு வழியாக, அதைக் கண்டாள். சனத்துக்கு எதிராக, கிழக்கே, ஒரு மோட்டார் சைக்கிள் வந்துகொண்டிருந்தது. டாங்கியில் ஹனா.

கிறுகிப் போங்க என்ற சொல் தொண்டைவரை வந்தது. அதைச் சொன்னால் வீதியே கடல் பக்கம் கிறுகிவிடும். விழுங்கினாள். புருசன் பெயரை வீட்டுக்குள்கூடச் சொல்லியறியாதவள் மைக்கை இரண்டு கையாலும் பிடித்தாள்.

"ஸப்ரி, மேற்கால போங்க. ஸப்ரி, மேற்கால."

வெறிச்சோடிக்கொண்டிருந்த வீதியின் நடுவில் வண்டி நின்றது. அவன் ஒரு காலை ஊன்றியிருந்தான், இயந்திரம் அணையவில்லை. உம்மாவின் சத்தம் வானத்தில் எங்கேயிருந்து வருகிறது என்று ஹனா அண்ணாந்து தேடிக்கொண்டிருந்தாள்.