வீரன் அங்கிளோட நிழல்

"அங்கிள், அங்க பாக்காதீங்க!"

கெய்ட்லின் கத்தி முடிக்கறதுக்குள்ள, வாசல்ல வந்து நின்ன வீரன் அங்கிள் பாத்துட்டாரு.

எட்டடி பேனர். இப்பதான் பிரிண்டர்லேர்ந்து வெளிய வந்துச்சு. மை காயட்டும்னு சுவத்துல கிளிப் போட்டு மாட்டிட்டு, ரெண்டு எட்டு பின்னால வந்து நிமிந்தப்பதான் அவ அத முழுசாப் பாத்தா. மேல மஞ்ச எழுத்துல அறுபதாவது பிறந்தநாள் வாழ்த்துகள்னு இருக்கு. ரெண்டு பக்கமும் பலூன் இருக்கு. நடுவுல வீரன் அங்கிள் வெள்ளச் சட்ட போட்டுச் சிரிக்கறாரு. ஆனா அவரச் சுத்தி வெள்ளையா ஒரு ஒளி. தோளெல்லாம் ஓரத்துல கரஞ்சு போயிருக்கு. முட்டிக்குக் கீழ காலே இல்ல, மேகத்துல முங்கிடுச்சு. அதுக்குக் கீழ கொட்ட எழுத்துல 1965 – 2025.

அந்த வருசத்தப் போடச் சொன்னது அவரு மவன் செல்வா. வாட்சாப்ல அனுப்பியிருந்தான், "வருசம் போட்டா எடுப்பா இருக்கும் சிஸ்"னு. அப்ப அவளுக்கும் எடுப்பாத்தான் தெரிஞ்சுச்சு.

இப்ப, வாழ்த்துங்கற எழுத்தக் கையால மறச்சுட்டுப் பாத்தா அது சுத்தமா கண்ணீர் அஞ்சலி.

அந்த மனுசன் வாசல்ல செருப்பக் கழட்டிப் போட்டுட்டு, தன்னோட சாவ தானே பாத்துக்கிட்டு நிக்கறாரு. நெஞ்சுல ஆப்ரேசன் பண்ணி ஆறு மாசந்தான் ஆகுது. சட்டையோட மேல் பட்டனுக்குள்ள அந்தத் தழும்பு நூல் மாதிரி தெரியுது.

"அங்கிள், சோரி அங்கிள்... நான் வேணும்னு செய்யல, சத்தியமா..."

அவளுக்கு அழுக முட்டுது. அவரு கண்ண எடுக்காம பாத்துக்கிட்டே இருந்தாரு. அப்புறம் மெதுவா கேட்டாரு: "ஏம்மா, என் காலு எங்க?"



நடந்தது இதுதான். கெய்ட்லின் எஸ்.பி.எம் பரீட்ச எழுதிட்டு, கோல சிலாங்கூர் டவுன்ல இருக்கற முரியல் ஆண்டியோட பேனர் கடைல வேலக்கிச் சேந்து மூணு வாரம். இன்னைக்கு ஆண்டி மை வாங்க கிள்ளானுக்குப் போயிட்டாங்க. போகும்போது, "ஒரே ஒரு பேனர்தான் கேர்ள், நீ செஞ்சிருவ"ன்னு தோளத் தட்டிட்டுப் போனாங்க. அவளும் ஒழுங்காத்தான் ஆரம்பிச்சா. படத்த வெட்டி எடுத்தா, பின்னால வானத்தப் போட்டா, ஆளு எடுப்பாத் தெரியணும்னு, பின்னால நிழலு விழற மாதிரி டிராப் ஷாடோ போட்டா. திரைல பாத்தா அவ்வளவு அழகு. ஆனா சோதனைக்கு பேனர் துணில ஒரு துண்டு அடிச்சுப் பாத்தா நிழலச் சுத்தி சாம்பக் கலர்ல ஒரு கட்டம் வந்து நிக்குது. ஆளு என்னமோ அழுக்குக் கண்ணாடிக்கு முன்னால நிக்கற மாதிரி. நிழலோட கருப்பக் கொறச்சா, கட்டமும் மங்குதே தவிர போகல. நிழலு விழற தூரத்தக் கொறச்சா, கட்டம் சின்னதா வருது. அஞ்சு துண்டு வீணாப் போச்சு. ஆத்திரத்துல நிழலையே அணச்சுட்டு, சாஃப்ட்வேரோட எஃபெக்ட் பட்டியல்ல அதுக்கு மேல இருந்த ஒளியையும், ஓரத்தக் கரைக்கறதையும் போட்டு விட்டா. கட்டம் மறஞ்சு போச்சு. அப்பாடான்னு அடிச்சுட்டா.

அவ மறந்தது ஒண்ணே ஒண்ணு. நேத்து அதே கம்ப்யூட்டர்ல பாகான் நக்கோடா ஓமார்ங்கற ஊர்ல தவறிப்போன ஒரு தாத்தாவுக்குக் கண்ணீர் அஞ்சலி செஞ்சாங்க. சாஃப்ட்வேரு கடைசியா வச்ச அளவ அப்பிடியே ஞாபகம் வச்சிருந்துச்சு. எவ்வளவு ஒளி, எவ்வளவு கரையணும், எல்லாம் அந்தத் தாத்தாவோட அளவு. அதத் தூக்கி உயிரோட இருக்கற மனுசனுக்குப் போட்டுருச்சு. இவ கட்டம் போச்சான்னு மட்டுந்தான் பாத்தா. மூஞ்சியப் பாக்கல.

வெளிய வேன் கதவு டமார்னு சாத்துற சத்தம் கேட்டுச்சு.

"ஐயோ, அலாமாக்," அவரு திரும்பினாரு. "எங்க வீட்டம்மா."

கெய்ட்லின் பேனரப் பாத்தா, வாசலப் பாத்தா. நல்லம்மாள் ஆண்டிய அவளுக்கு நல்லாவே ஞாபகம் இருக்கு. ஆர்டர் குடுக்க வந்த அன்னைக்கு, எல்லாம் பேசி முடிச்சிட்டு, போகப்போன ஆளு திரும்பி வந்து அவ கையப் புடிச்சாங்க. "பாப்பா, அவரு நல்லா இருக்கற மாதிரி செஞ்சு குடுடா. ஆறு மாசமா நான் ராத்திரில எந்திரிச்சு எந்திரிச்சு மூக்குல கைய வச்சுப் பாக்கறேன். பேனர்லயாவது நான் பயப்படாம பாக்கணும்." அதான் சொன்னாங்க. அதுக்கு இவ செஞ்சு வச்சிருக்கறது இது. ஆண்டி உள்ள வந்தா, இன்னும் நாலு எட்டு. அவ்வளவுதான்.

வீரன் அங்கிள் ஒண்ணு செஞ்சாரு பாருங்க. கையத் தூக்கிக் கிளிப்ப ஒவ்வொண்ணாப் புடுங்கினாரு. நெஞ்சு வலிக்குமேன்னு கூட பாக்கல. மை காயாத பேனர வாரிச் சுருட்டி மேசைக்கு அடியில தள்ளிட்டு, நாற்காலியில உக்காந்து கால் மேல கால் போட்டுக்கிட்டாரு.

"என்னங்க, ஆச்சா?" நல்லம்மாள் ஆண்டி ஒரு கையில பூப் பை, ஒரு கையில கேக் பொட்டியோட வந்து நின்னாங்க. "அஞ்சு மணிக்கு ஜெராம் டேவான் மண்டபத்துல மாட்டணும்னு செல்வா கத்துறான்."

"ஆகல. நாந்தான் நிப்பாட்டுனேன்."

"ஏன்?"

"படம் புடிக்கல. அதுல நான் கருப்பா இருக்கேன்."

ஆண்டி அவர மேலேர்ந்து கீழ வரைக்கும் பாத்தாங்க. "நீங்க நெசத்துல என்ன கலருன்னு நெனச்சுக்கிட்டு இருக்கீங்க? முப்பது வருசமா செம்பனக் குலை ஏத்துற லோரியில ஒக்காந்து வெயில்ல காஞ்ச ஆளு. மாப்பிள்ளையா நீங்க?"

"பொறந்தநாளு மாப்பிள்ள."

"கையில என்னங்க நீலம்?"

"பிரிண்டரத் தொட்டுப் பாத்தேன்."

"அத ஏன் தொடுவானேன்! சின்னப் புள்ளயா?" ஆண்டி கெய்ட்லின் பக்கம் திரும்பினாங்க. "பாப்பா, இவரு சொல்றதெல்லாம் கேக்காத. அந்தப் பொண்ணப் போட்டு ஏன் உயிர வாங்கறீங்க? பாருங்க, அழுதிருக்கா."

"நாந்தான் சத்தம் போட்டுட்டேன்," அப்படின்னாரு அவரு, கண்ணு சிமிட்டாம.

கெய்ட்லின் வாயத் தொறந்தா. இல்ல ஆண்டி, தப்பு என்னோடதுன்னு சொல்ல வந்தா. அவரு லேசாத் தலைய ஆட்டினாரு. அவ வாய மூடிக்கிட்டா. தான் செஞ்ச தப்புக்கு இன்னொருத்தரு நின்னு திட்டு வாங்கறதப் பாத்துக்கிட்டு நிக்கறது எப்பிடி இருக்கும்னு அன்னைக்குத்தான் அவளுக்குத் தெரிஞ்சுச்சு. 

"நீ போயி எதிர்க் கடைல ஜில்லுன்னு செண்டோல் குடிச்சிட்டு வா. ஒரு மணி நேரம்," அவரு ஆண்டிய வெரட்டினாரு.

"இனிப்புத் திங்கக் கூடாதது நீங்க, குடிக்கறது நானா? சரி, உங்களுக்கும் சேத்து நான் குடிக்கறேன்." ஆண்டி கேக் பொட்டிய மேச மேல வச்சிட்டுப் போனாங்க. கேக்குக்கு நேரா கீழதான் அந்தப் பேனர் கெடந்துச்சு.

கெய்ட்லின் கில்பர்ட்டுக்குப் போன் பண்ணா. அவ பெரியப்பா மவன், செரண்டால இன்னொரு பேனர் கடைல வேல செய்யறான், ரெண்டு வயசு மூத்தவன். எப்பப் பாத்தாலும் கிண்டல்தான். ஆனா இந்த வேலைல கில்லாடி.

"கட்டம் வருதா? ஹா! வெல்கம் டு த க்ளப் லா!"

"கில்பர்ட், ப்ளீஸ், சிரிக்காத. ஒரு மணி நேரந்தான் இருக்கு."

அவ கொரலக் கேட்டோன்ன அவன் சிரிப்ப நிறுத்திட்டான். "சரி, கேளு. நிழலு எந்த மோடுல இருக்கு? நோர்மலா, மல்டிப்ளையா?"

"...நோர்மல்."

"மல்டிப்ளைக்கு மாத்து, அப்பதான் நிழலு பின்னால இருக்கற கலரோட கலக்கும். அப்புறம் நிழல தனியா வச்சு அனுப்பாத. நம்ம கம்ப்யூட்டருக்கு அது நிழலு. பிரிண்டருக்கு அது வெறும் சதுரம், நடுவுல அழுக்கு. பின்னால இருக்கற வானம், நிழலு, ஆளு, எல்லாத்தையும் ஒரே படமாச் சேத்துடு. ஃபிளாட்டன். அதுக்கு முன்னாடி வேற பேர்ல ஒரு கோப்பி சேவ் பண்ணு, இல்லாட்டி அப்புறம் அழுவ. இப்பவே அழுதுட்டுத்தான் இருக்க, தெரியுது."

"அழல."

"ம், சளி போல. டெஸ்ட் ஒரு துண்டு மட்டும் அடி. கால் பக்கமா அடி, அங்கதான் கட்டம் நல்லாத் தெரியும்."

அவன் சொன்ன மாதிரி வேற பேர்ல ஒரு கோப்பி எடுத்துக்கிட்டு, அதுல ஒளிய அணச்சா. ஓரத்தக் கரைக்கறத அணச்சா. மேகத்துக்குள்ளேர்ந்து ரெண்டு காலு வெளிய வந்துச்சு, புது சப்பாத்தோட. அதப் பாத்ததும் அவளுக்கு ஒரு மூச்சு வந்துச்சு. அந்த வருசத்தத் தூக்கிக் கடாசிட்டு, அந்த எடத்துல பெருசா 60னு போட்டா. நிழல மறுபடி போட்டு, மல்டிப்ளை வச்சு, ஒரே படமாச் சேத்து, ஒரு துண்டு அடிச்சா.

கட்டம் இல்ல! ஆனா நிழலு அடுப்புக் கரி பூசுன மாதிரி கன்னங்கரேல்னு வந்துச்சு. நிழலோட கருப்ப எழுபத்தஞ்சுலேர்ந்து நாப்பதுக்கு எறக்கி, ஓரத்த இன்னும் மெதுவாக்கினா. ரெண்டாவது துண்டு. இப்ப பரவால்ல.

வீரன் அங்கிள் நாற்காலியிலேர்ந்து எழுந்து வந்து திரைக்கிட்ட குனிஞ்சாரு.

"ஏம்மா, வெயிலு அடிக்கற பக்கமே எனக்கு நிழலு விழுது?"

அவ உத்துப் பாத்தா. நெசந்தான். படத்துல அவரோட மூஞ்சி வலது ஓரத்துல பளிச்சுன்னு இருக்கு, வெயிலு அங்கேர்ந்து வருது. நிழலும் வலது பக்கமே விழுந்து கெடக்கு.

"இந்தப் படம் செல்வா ஒரு சாயங்காலம் நாலு மணிக்கு எடுத்தது. லோரி ஓட்டுன ஆளுக்கு வெயிலு எந்தப் பக்கம்னு தெரியாதா? முப்பது வருசம் அதுலேர்ந்துதான் கண்ண மறச்சுக்கிட்டுப் போனேன்."

நிழலோட கோணத்த மாத்தற சின்ன வட்டம் ஒண்ணு இருக்கு, அவ அதுல இருந்த முள்ளத் திருப்பினா. நூத்தி இருவதுலேர்ந்து அறுபது. அவரோட நிழலு மட்டும் இல்ல, எழுத்தோட நிழலு, பலூனோட நிழலு, எல்லாம் சேந்து ஒரே வீச்சுல இடது பக்கம் சாஞ்சுச்சு. என்னமோ பேனர் முழுசுக்கும் ஒரே சூரியன் வந்த மாதிரி.

"அறுபது," அவரு சிரிச்சாரு. "அதுவும் என் வயசுதான்."

அவளுக்கும் சிரிப்பு வந்துருச்சு. மூக்குல நீரோட சிரிச்சா.

நாலரைக்கு முழு பேனரும் வந்து தொங்குச்சு. செண்டோல் முடிச்சிட்டு நல்லம்மாள் ஆண்டி உள்ள வந்தாங்க.   நேரா பேனருக்குப் பக்கத்துல போனாங்க, மை காஞ்சிருச்சான்னு கேட்டுட்டு, ஒரு வெரலால அவரோட சப்பாத்துக்குப் பக்கத்துல இருந்த நிழலத் தடவிப் பாத்தாங்க.

"எந்திரிச்சு வெளிய வந்துருவாரு போல," ஆண்டி சொன்னாங்க. சொல்லும்போது கொரல் ஒடஞ்சு போச்சு. முந்தானையால மூக்கத் தொடச்சுக்கிட்டாங்க. "எவ்வளவு கெட்டியா நிக்கறாரு பாருங்க. இந்த மனுசனத்தான் தள்ளுவண்டியில வச்சு உருட்டிக்கிட்டுப் போனாங்க." கெய்ட்லின் கன்னத்தப் புடிச்சு அழுத்தினாங்க. "நல்லா இருடா. நீ நல்லா இருப்ப."

ஏசுவே நன்றி, ஏசுவே நன்றின்னு அவ உள்ளுக்குள்ள சொல்லிக்கிட்டே இருந்தா. முரியல் ஆண்டிகிட்ட எல்லாத்தையும் தானே சொல்லிரணும்னு அப்பவே முடிவு பண்ணிட்டா. வீணாப் போன துணிக் காச சம்பளத்துல புடிச்சாலும் பரவால்ல.

ஆண்டி பேனரயும் கேக்கையும் எடுத்துக்கிட்டு வேனுக்குப் போனதும், வீரன் அங்கிள் செருப்ப மாட்டிக்கிட்டு வாசல்லயே நின்னாரு.

"அங்கிள், நீங்க இல்லன்னா நான்..."

"இரு இரு. உங்கிட்ட ஒண்ணு கேக்கணும். அந்த மொதப் படம் இன்னும் கம்ப்யூட்டர்ல இருக்கா?"

"இருக்கு. இப்பவே அழிச்சிர்றேன் அங்கிள்."

"அழிக்காத." கொரலத் தாழ்த்தினாரு. "நல்லாத்தான்மா இருக்கேன் அதுல. ஆஸ்பத்திரில இருந்தப்ப நெனச்சேன், எனக்கு ஒண்ணுன்னா செல்வா பதட்டத்துல எந்தப் படத்தத் தூக்கிக்கிட்டு ஓடுவான்னு. அவன் என் ஐ.சி. அட்டைல இருக்கற படத்தக் குடுத்துருவான், அதுல நான் திருடன் மாதிரி இருக்கேன். அதனால வச்சிரு. அவன் எப்ப வந்து கேட்டாலும் இதையே குடு. பின்னால இருக்கற வருசத்த மட்டும் மாத்திக்க." அவ தோள லேசாத் தட்டினாரு. "பத்து இருவது வருசம் கழிச்சு, சரியா? அவசரப்படாத."

அவ பதில் சொல்றதுக்குள்ள ஆண்டி வேன்லேர்ந்து ஓர்ன் அடிச்சாங்க. அவரு போயிட்டாரு.

கடைய சாத்தற நேரம். எல்லா விண்டோவையும் ஒவ்வொண்ணா மூடிக்கிட்டே வந்தா. கடைசியா அந்த மொதப் படம். கால் இல்லாம, ஒளிக்குள்ள, சிரிச்சுக்கிட்டு. மூடறதுக்கு முன்னாடி சேவ் பண்ணவா வேணாமான்னு அது கேட்டுச்சு. சேவ் பண்ணா, அந்த நாளுக்காக இவ காத்துக்கிட்டு இருக்கற மாதிரி. ஒவ்வொரு தடவ கம்ப்யூட்டரத் தொறக்கறப்பவும் அவரு உள்ள படுத்திருப்பாரு. நல்லம்மாள் ஆண்டி மூஞ்சிய அப்புறம் எப்பிடிப் பாக்கறது? அழிச்சா, தன்னக் காப்பாத்துன மனுசன் கேட்ட ஒரே ஒண்ணையும் செய்யாத மாதிரி.

மவுசு மேல வெரல வச்சுக்கிட்டு அப்பிடியே உக்காந்திருந்தா. அவருக்கு நன்றி சொல்லணும்னா, இதுல எத அமுக்கணும்?