பாப்பாயியின் அட்டை

பாப்பாயியின் அட்டையில் சிவப்பு மையால் கோடு போட வேண்டியது என் வேலை. போடவில்லை. சேந்தமங்கலத்துக்குப் பக்கத்தில் ஒரு தாய்சேய் நிலையத்தில் ஆயா நான். அட்டைகளை அடுக்கி வைப்பதும் நான்தான். பிள்ளை பெற்ற பதினோராம் நாள் ஜன்னியில் போய்விட்டாள் பாப்பாயி. செத்தவர் பேரைச் சிவப்பில் அடித்துவிட வேண்டும். பிள்ளை இருக்கிறது. ஆட்டுப்பால் கொடுத்தால் வயிற்றால் போகிறது. போன வாரம் தூக்கிப் பார்த்தேன், கையில் கனமே தெரியவில்லை. எங்களிடம் பால்மாவு மூட்டை மூட்டையாகக் கிடக்கிறது. ஆனால் பெற்ற தாய் நேரில் வந்து ரேகை வைத்தால்தான் கொடுக்கலாமாம். தகப்பன் வந்தான், பாட்டி வந்தாள், முடியாது என்று திருப்பி அனுப்பினோம். இந்தச் சட்டத்தை எழுதிய மகராசன் யாரோ, அவன் வீட்டில் யாருமே செத்ததில்லை போலிருக்கிறது.

அதனால்தான் பாப்பாயியின் தங்கை சௌந்திரத்தை வரச் சொன்னேன். பதினேழு வயது, இன்னும் கல்யாணமாகாதவள். பிள்ளையை மார்போடு அணைத்துக்கொண்டு, யாராவது பார்க்கிறார்களா என்று கூசிக் கூசி நின்றாள். ஒன்றாம் தேதி சேலத்திலிருந்து வரும் அதிகாரியம்மாதான் பேர் கூப்பிடுவார். அவருக்கு இங்கே யாரையும் தெரியாது.

“பாப்பாயின்னு கூப்புட்டா, நாந்தானுங்கன்னு சொல்லோணும். வேறொண்ணும் பேசாதே.”

“பொய்யில்லீங்களா, தெரசாக்கா?”

“பொய்தான் சாமி. அதை ஞாயித்துக்கெழமை சர்ச்சுல சாமியார்கிட்ட நான் சொல்லிக்கறேன். நீ புள்ளையப் பாரு.”

தலையாட்டினாள். அட்டையை அவள் கையில் கொடுத்து, வரிசையில் நாலாவதாக நிறுத்தினேன். மூன்று பேர் வாங்கிக்கொண்டு போனார்கள்.

“பாப்பாயி.”

சௌந்திரம் கையிலிருந்த அட்டையையே பார்த்தாள். சொல்லடி, சொல்லடி என்று கண்ணால் கெஞ்சினேன்.

“பாப்பாயி வந்திருக்காளா?”

அவள் உதடு அசைந்தது. பிள்ளை சிணுங்கியது. அதன் முதுகைத் தட்டிக் கொடுத்தாள்.

“பாப்பாயி!” அதிகாரியம்மா இந்த முறை வாசல்வரை கேட்கும்படி உரக்கக் கூப்பிட்டார்.

சௌந்திரம் சட்டென்று திரும்பி, பிள்ளையோடு வாசலைப் பார்த்தாள்.

அக்கா வந்துவிடுவாள் என்பதுபோலப் பார்த்துக்கொண்டே நின்றாள். அந்தக் கூறுகெட்ட பெண்ணோடு சேர்ந்து நானும் பார்த்தேன். வாசலில் வெயில்தான் இருந்தது. பின்னால் அதிகாரியம்மா பேனா மூடியைத் திறக்கும் சத்தம் கேட்டது.