‘வாறன்’ என்றால் அணையும் கணினி

ஓர்ஸ் ஹில்லில் கீர்த்தனியின் வீட்டிலிருக்கும் கணினி, அந்த வீட்டிலிருந்து யாராவது ‘வாறன்’ என்று சொல்லிப் புறப்பட்டால் அணைந்துவிடும். பிறகு எவரும் கை வைக்காமலே எழும்பும். உள்ளே விசிறி சுழலும், திரையில் வெளிச்சம் வரும். திருகோணமலையில் இன்று இது மீன் விலையைப் போல எல்லோருக்கும் தெரிந்த விஷயம். ஆனால் இது தெரியவருவதற்கு முன், கீர்த்தனி வரைந்த வீடுகளில் பாதி கூரை போடும் முன்பே அழிந்துபோயின. அவளுடைய புருஷன் இராகுலனும் கடலோடு போய்விடப் பார்த்தான்.

கீர்த்தனி வீடுகளுக்கு வரைபடம் வரைந்து கொடுப்பவள். லிங்கநகரிலிருந்து கந்தளாய் வரைக்கும் புதிதாக எழும்பிய பல வீடுகளில் குசினி எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்பதை அவள்தான் தீர்மானித்தாள். கடையில் ஆயத்தமாக விற்கிற கணினி இந்த வேலைக்குத் தாக்குப்பிடிக்காது என்று சொல்லி, கொழும்பிலிருந்து ஒவ்வொரு பாகமாக எடுப்பித்து இதைப் பூட்டிக் கொடுத்தவர் முனாஸ். கிண்ணியா ஆள், டவுனில் கணினி திருத்தும் கடை வைத்திருப்பவர். காரணமில்லாத பழுது என்று ஒன்று உலகத்தில் கிடையாது என்பது அவருடைய கொள்கை. அந்தக் கொள்கையை இந்தப் பெட்டி படுத்திய பாடு கொஞ்சமல்ல.

பூட்டிய கிழமையே தொல்லை தொடங்கியது. கீர்த்தனி ஒரு படிக்கட்டை வரைந்து முடிக்கப் போகும் நேரம் திரை இருளும். திரும்ப வெளிச்சம் வரும்போது படிக்கட்டு இருக்காது. முனாஸ் மெமரியைக் கழற்றிப் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் அழிறப்பரால் தேய்த்தார். புரோசசருக்குப் புதிதாகப் பசை பூசினார். பவர் சப்ளையை மாற்றி, பழையதைக் கந்தளாயில் ஒருவருக்கு விற்றார். விண்டோஸை அழித்துத் திரும்பப் போட்டார். மின்சாரத்தில் பிழையாக இருக்கும் என்று வளவில் குழி தோண்டி, உப்பும் கரியும் கொட்டி எர்த் கம்பியும் இறக்கினார். அந்த ஈரமண்ணை நக்குவதற்கு டவுனுக்குள் திரியும் மான்கள் வரத் தொடங்கின. கணினியோ தன் போக்கிலேயே இருந்தது.

கடைக்குக் கொண்டுபோனால் மட்டும் அது நல்ல பிள்ளை. கிழமைக் கணக்கில் ஒரு தடவையும் அணையாது. இதற்கும் காரணம் இருந்ததென்று இப்போது விளங்குகிறது. சொன்ன நாளில் சாமான் கிடைக்காத கோபத்தில், முனாஸின் கடையிலிருந்து யாரும் ‘வாறன்’ என்று சொல்லிப் போவதில்லை. முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு பேசாமலே இறங்கிவிடுவார்கள். இராகுலனோ சரக்குக் கப்பலில் இயந்திர அறை வேலைக்காரன். மாதக்கணக்கில் கடலில் கிடந்துவிட்டு வீட்டுக்கு வந்தால் ஓரிடத்தில் இருக்கமாட்டான்; தேங்காய்க்கு, மீனுக்கு, சும்மா காற்று வாங்க என்று இறங்கிக்கொண்டே இருப்பான். ஆகவே அவன் வீட்டில் நிற்கிற நாட்களில் கணினிக்கு வருத்தம் கூடியது. “உங்கட முகத்தைக் கண்டாலே இதுக்கு வலிப்பு வருது” என்று கீர்த்தனி அவனைப் பகிடி பண்ணுவாள்.

எங்கள் பக்கத்தில் எவரும் ‘போறன்’ என்று சொல்லி வீட்டை விட்டு இறங்குவதில்லை. அது ஆகாத சொல். போகிறவர் ‘வாறன்’ என்பார். இருப்பவர் ‘ஓம், போயிட்டு வாங்கோ’ என்பார். கடைத்தெருவுக்குப் போனாலும் கட்டாருக்குப் போனாலும் இதே சொல்தான். சொல்லும்போது யாரும் அதன் பொருளை நினைப்பதில்லை. அந்தப் பெட்டி நினைத்தது. வாறன் என்ற சொல்லை அது நம்பியது. தானும் ஒரு நடை போய்விட்டு வந்து காட்டியது.

கடைசியில் முனாஸ் பழுதைப் பிடித்தார். மதர்போர்ட், பெட்டியின் தகட்டில் முட்டாதபடி தூக்கிப் பிடிக்கச் சிறிய பித்தளைக் கால்கள் பூட்டுவார்கள். அவற்றில் ஒன்று, பூட்டத் தேவையில்லாத ஓரிடத்தில் நின்று, போர்டின் முதுகை உரசிக்கொண்டிருந்தது. தான் விட்ட பிழை என்பதால் முனாஸுக்கு வெட்கமாகப் போய்விட்டது. அதைக் கழற்றிச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு, கடைக்குப் போனதும் மிச்ச ஆணிகள் கிடக்கும் ஜாம் போத்தலுக்குள் எறிந்தார்.

கணினி அதற்குப் பிறகு அணையவே இல்லை. கீர்த்தனிக்கு அந்தச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. விட்டுப்போன வீடுகளையெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வரைந்து தள்ளினாள். இராகுலன் அடுத்த பயணத்துக்குப் பையைத் தூக்கிய காலையிலும் அவள் ஒரு கூரையின் நடுவில் நின்றாள். அவன் வாசலில் நின்று, “கீர்த்தனி, அப்ப நான் வாறன்” என்றான். அவள் திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல் “ம்” என்றாள். கணினி இமைகூடத் தட்டவில்லை. கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு அவன் இறங்கிப் போனான்.

அந்தக் கப்பல் கொழும்பை விட்டு வெளிக்கிட்டதோடு சரி. பிறகு அதன் சத்தமே இல்லை. கம்பனிக்காரர் முதலில் தொடர்பு கிடைக்கவில்லை என்றார்கள். பிறகு தேடுகிறோம் என்றார்கள். அதற்குப் பிறகு தொலைபேசியை எடுப்பதையே குறைத்துக்கொண்டார்கள். கீர்த்தனி அணையாத கணினிக்கு முன்னால் அணையாமல் இருந்தாள். அப்போதுதான் அவளுக்கு வேறு சிலதும் கண்ணில் பட்டன. நாள் தவறாமல் வந்து கதைத்துவிட்டுப் போகும் பக்கத்து வீட்டுத் தங்கரத்தினம், ‘வாறன் பிள்ளை’ என்று சொல்லிக் கந்தளாயில் மகள் வீட்டுக்குப் போனவர், அங்கேயே தங்கிவிட்டார். மீன்காரர் ‘நாளைக்கு வாறன்’ என்றவர், வேறு தெருவால் போகத் தொடங்கினார். கணினி திருந்திய நாளிலிருந்து, ‘வாறன்’ என்று சொல்லி அந்த வீட்டைவிட்டுப் போன ஒருவரும் திரும்பி வரவில்லை.

அவள் நேரே முனாஸின் கடைக்குப் போனாள். எல்லாவற்றையும் சொன்னாள். முனாஸ் குறடைக் கீழே வைத்தார்.

“நல்லா ஓடுற சாமானப் பழுதாக்கச் சொல்றீங்களா தங்கச்சி?”

“ஓம் நானா. முந்தியிருந்த பழுதுதான் வேணும். வேற பழுது வேண்டாம்.”

இந்தத் தொழிலில் அப்படியொரு வேலையை முனாஸ் கேள்விப்பட்டதுமில்லை, செய்ததுமில்லை. ஆனாலும் அந்த முகத்தைப் பார்த்து ஏலாது என்று சொல்ல அவரால் முடியவில்லை. கந்தளாய்க்குப் போய்ப் பழைய பவர் சப்ளையைத் திரும்ப வாங்கி வந்தார். மெமரியைத் தளர்த்திப் பார்த்தார். வளவிலிருந்த எர்த் கம்பியைப் பிடுங்கினார். ஒன்றுக்கும் அது அசையவில்லை. அதே இடத்தில் புதிய பித்தளைக் கால் ஒன்றைப் பூட்டியபோது கணினி அணைந்து எழும்பத்தான் செய்தது; ஆனால் தன் பாட்டுக்கு, யார் என்ன சொன்னாலும் சொல்லாவிட்டாலும். இது வெறும் பழுது என்று முனாஸே தலையை ஆட்டிவிட்டு அதைக் கழற்றினார். வேண்டியது அந்தப் பழைய கால். அதுவோ ஜாம் போத்தலில், தன்னைப் போலவே இருக்கும் கால்களோடு கலந்து கிடந்தது. அவற்றில் எதை எடுத்துப் பார்த்தாலும் ஒரே மினுக்கம், ஒரே உயரம். முனாஸுக்கு மனம் விட்டுப்போனது.

வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு நேரமாகிவிட, கடையைப் பார்த்துக்கொள்ள அன்று மட்டும் அவருடைய மனைவி நஸ்ரியா வந்திருந்தார். முனாஸ் தொப்பியை எடுத்துக்கொண்டு, பள்ளிக்குப் போயிட்டு வாறன் என்று சொல்லிப் படியில் கால் வைத்தார். நஸ்ரியா அவரைக் கூப்பிட்டார்.

“நீங்க வாறன் எண்டதும் போத்தலுக்குள்ள ஒரு ஆணி அடியில போச்சு. பொறகு மேல வந்து நிக்குது.”

முனாஸ் திரும்பி வந்து பார்த்தார். எல்லாக் கால்களுக்கும் மேலே ஒன்று தனியாக நின்றது. அவர் மறுபடியும் வாசலுக்குப் போய் அதே சொல்லைச் சொன்னார். கால், நீரில் முழுகுகிறவனைப் போல, மற்றவற்றை விலக்கிக்கொண்டு அடிக்கு இறங்கியது. மெதுவாக மேலே வந்தது. காரணமில்லாத பழுது கிடையாது என்று இவ்வளவு காலமும் சொல்லிவந்த மனிதர், காரணத்தைக் கண்ணால் கண்டு, திரும்பி வந்து போத்தலை இரு கையாலும் தூக்கினார். ‘ஸுப்ஹானல்லாஹ்’ என்று நஸ்ரியாதான் சொன்னார்.

தொழுகை முடிந்த கையோடு முனாஸ் ஓர்ஸ் ஹில்லுக்கு ஏறிவந்து, அந்தக் காலை அதே பிழையான இடத்தில், தன் வாழ்நாளில் எதையும் பூட்டாத கவனத்தோடு பூட்டினார். கணினியைப் போட்டார். திரையில் வெளிச்சம் வந்து, அணையாமல் நின்றது. இனி என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை. போக வேண்டியவன் சொல்ல வேண்டியதை எப்போதோ சொல்லிவிட்டுப் போய்விட்டான். மிச்சமிருந்தது கீர்த்தனியின் சொல் மட்டும்தான். அவள் யன்னலைத் திறந்தாள். கீழே உள்துறைமுகம் வெயிலில் கிடந்தது. தேங்காய்க்குப் போகிறவனுக்குச் சொல்கிற அதே குரலில் அவள் சொன்னாள்.

“ஓம், போயிட்டு வாங்கோ.”

கணினி அணைந்தது. அது எழும்பும் என்று முனாஸ் பார்த்துக்கொண்டு நின்றார். எழும்பவில்லை. வழக்கமாக எடுக்கும் நேரமெல்லாம் கடந்தது, தேநீர் ஆறியது, அப்போதும் திரை இருண்டே கிடந்தது. அவர் ஆளியை அழுத்தக் கையை நீட்டினார். கீர்த்தனி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“தொடாதேங்கோ நானா. அவர் இப்பதான் வெளிக்கிட்டிருக்கிறார்.”

அதன் பிறகு மாரி வந்து போனது. கீர்த்தனி இருண்ட திரைக்குப் பக்கத்திலேயே காகிதத்தை விரித்துக் கையால் வீடுகள் வரைந்தாள். பெட்டியில் தூசி படிய விடவில்லை. துடைக்கும்போதும் ஆளியின் பக்கம் விரலைக் கொண்டுபோகவில்லை. அதைப் பார்க்கவென்று ஆட்கள் வந்தார்கள். வந்தவர்களுக்குத் திரும்பும்போது என்ன சொல்வதென்ற பயம். ஒருவரை ஒருவர் பார்த்துவிட்டு, கதிரையை மெதுவாகத் தள்ளி, கள்ளர் போல நழுவினார்கள்.

பிறகு ஒரு காலை, அவள் அரிசி கழுவிக்கொண்டிருந்தபோது முன்னறையில் விசிறி சுழலும் சத்தம் கேட்டது. அவள் ஓடிப்போய்ப் பார்க்கவில்லை. நின்ற இடத்திலேயே கண்ணீர் வழிய, இன்னொரு சுண்டு அரிசி அள்ளிப் போட்டாள். அதற்குப் பிறகுதான் யன்னலடிக்குப் போனாள். திருகோணமலையில் ஏற்றவோ இறக்கவோ ஒரு மூட்டையும் இல்லாத ஒரு கப்பல், துரு வழிய, பாசி தொங்க, துறைமுகத்துக்குள் வந்துகொண்டிருந்தது. திரையில், அவன் போன காலையில் அவள் வரைந்த கூரை திறந்து கிடந்தது. அதன் கீழே, அவள் முந்தி இழந்த படிக்கட்டுகள் எல்லாம் திரும்பி வந்திருந்தன.

மத்தியானம் படலையைத் திறந்து வந்த இராகுலன், பையை இறக்கிவைத்துவிட்டு, “இண்டைக்கு என்ன கறி?” என்று கேட்டான். சாப்பிட்ட பிறகுதான் கதையைச் சொன்னான். கப்பல் புறப்பட்ட பிறகு இயந்திரத்தை நிற்பாட்ட முடியவில்லையாம். ஆளியை அணைத்தாலும், குழாயை மூடினாலும் ஓடிக்கொண்டே இருந்ததாம். எண்ணெய் குறையவில்லை. சுக்கான் திரும்பவில்லை. துறைமுகங்களின் வெளிச்சம் தெரியும், இவர்கள் கூப்பிடுவார்கள், கரையில் ஒருவருக்கும் கேட்காது, கப்பல் போய்க்கொண்டே இருக்கும். ஒரு வெள்ளிக்கிழமை பகலில் எல்லாம் சட்டென்று அமைதியானது. அதற்குப் பிறகு நீரோட்டம் இழுத்த பக்கம் மிதந்தார்கள். துறைமுக வாயிலுக்கு வந்த அன்று காலை, யாரும் கை வைக்காமல் இயந்திரம் எழும்பியதாம். இதற்குக் காரணம் என்னவென்று அவன் கேட்கவில்லை. கீர்த்தனி இன்னும் ஒரு அகப்பை சோறு போட்டாள்.

தங்கரத்தினம் அடுத்த கிழமையே கந்தளாயிலிருந்து வந்துவிட்டார். மீன்காரரும் பழைய தெருவுக்குத் திரும்பினார். இப்போது டோகாவுக்கும் லண்டனுக்கும் போகிறவர்கள் விமானத்துக்கு முதல்நாள் அந்த வீட்டுக்கு ஏறிவந்து, படியில் நின்று ‘வாறன்’ என்று சொல்லி, கணினி அணைந்து எழும்புவதைப் பார்த்த பிறகுதான் பயணம் போகிறார்கள். தாய்மார் படலைக்கு வெளியே நின்று கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். முனாஸ் மாதம் ஒருமுறை வந்து பெட்டியைத் திறந்து, அந்தக் கால் பிழையான இடத்திலேயே நிற்கிறதா என்று பார்த்துவிட்டுப் போகிறார்.

கீர்த்தனி இப்போதும் அதில்தான் வீடுகள் வரைகிறாள். இராகுலன் செருப்பைத் தேடும் சத்தம் கேட்டால் வரைந்ததைச் சேமித்துவிட்டு, கையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, அவன் சொல்வதற்காகக் காத்திருக்கிறாள்.