இடைவேளை இல்லாத படம்

படம் தொடங்கியதும் என் நெஞ்சு அடித்த அடி பக்கத்தில் இருந்த என் மனிசனுக்கே கேட்டிருக்கும். செக் நாட்டுப் படம். நாலு சிறுகதைகளைச் சேர்த்து எடுத்திருந்தார்கள். பஸ் ஓட்டுபவர், பல் பிடுங்கப் பயந்தவர் என்று எல்லாம் நம்மைப் போன்ற ஆட்கள். மூன்றாவது கதை, பேர்லினுக்கு வேலைக்கு வந்த ஒரு செக் சமையல்காரனைப் பற்றியது. அதைப் போன வருடம், 2005இல், இதே பேர்லினில், நொய்கெல்ன் பகுதியில் நான் துப்புரவு வேலை செய்யும் உணவகத்தில்தான் எடுத்தார்கள். எப்போதும்போல மேசையைத் துடைக்கச் சொல்லி என்னையும் நிற்க வைத்தார்கள்.

நான் சும்மா இருப்பேனா? தெரிந்தவர் எல்லோருக்கும் சொல்லிவிட்டேன். மேல்மாடி புஸ்பவதி அக்கா மட்டும் நம்பவில்லை. "உம்மை ஏன் பிள்ளை படத்தில எடுக்கப்போறாங்கள்?" அந்த ஒரு கேள்விக்காகவே ஞாயிறு மத்தியானம் அவரோடு சேர்த்துப் பதினொரு பேரைத் தியேட்டருக்கு இழுத்துக்கொண்டு வந்திருந்தேன்.

இரண்டாவது கதை முடிந்து திரை இருண்டது. எங்கள் வரிசை முழுவதும் எழுந்தது. தமிழ்ப் படம் பார்த்துப் பழகிய சனம். பாதியில் இருண்டால் அவர்களுக்கு அது இடைவேளைதான்.

"தேவமலர், எழும்பும். ரோல்ஸ் ஆறப்போகுது" என்று என் மனிசன் ஜேசுரட்ணம் பலகாரப் பையைத் தூக்கினார்.

"இஞ்சாருங்கோ, இதுக்கு இடைவேளை இல்லை" என்று நான் சொல்வதற்குள் எல்லோரும் கதவைத் தாண்டிவிட்டார்கள்.

திரையில் எங்கள் உணவகத்தின் வாசல் வந்தது. ஓடிப்போய்க் கூப்பிட வேண்டும். உண்மையைச் சொன்னால், எழும்ப எனக்கு மனமில்லை. சமையல்காரன் அம்மாவின் கடிதத்தை வாசிக்கிறான். அவனுக்குப் பின்னால், நீல ஏப்ரனில், நான். மேசையைத் துடைக்கிறேன். கதிரையை உள்ளே தள்ளுகிறேன். ஒருவரும் சொல்லாமலே பூச்சாடியை நடுவுக்கு நகர்த்துகிறேன். இவ்வளவு அழகாகவா நான் மேசை துடைக்கிறேன்? சந்தோசத்தில் அழுதுவிட்டேன்.

நான் மூக்கை உறிஞ்சியது கேட்டு எனக்கு முன்வரிசையில் இருந்த ஜெர்மன் கிழவி திரும்பினார். என்னைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார்.

நாலாவது கதை தொடங்கிய பிறகுதான் எங்கள் ஆட்கள் வாயைத் துடைத்துக்கொண்டு வந்தார்கள்.

"உம்மடது எப்ப வரும்?" என்றார் புஸ்பவதி அக்கா.

"வந்து போட்டுது, அக்கா."

"ஓமோம்" என்று சிரித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

படம் முடிந்து விளக்குகள் எரிந்தன. அந்தக் கிழவி எழுந்தார், ஆனால் போகவில்லை. கதிரைக்கு மேலால் கைகுலுக்க என்னிடம் கையை நீட்டினார். கடைசி ரோல்ஸைக் கடித்துக்கொண்டிருந்த அக்கா மெல்லுவதை நிறுத்திவிட்டு அந்தக் கையையே பார்த்தார். நான் என் கையைச் சேலையில் துடைத்தேன். அவசரமில்லாமல், இன்னுமொரு தரம் துடைத்தேன்.