குழாயைத் தொடாமல் பாலம் வரை

பிளம்பர் கெட்டவர் என்று யாரும் சொல்ல முடியாது. குடி கிடையாது, சீட்டாட்டம் கிடையாது, வீட்டில் குரலை உயர்த்த மாட்டார். அவருக்கு இருந்தது ஒரே ஒரு வியாதி. எங்கேயாவது தண்ணீர் ஒழுகினால் மனுஷனுக்கு இருப்புக் கொள்ளாது. மச்சினி வீட்டுக்கு விருந்துக்குப் போனால் மேஜையில் சாப்பாடு ஆறிக்கொண்டிருக்கும், இவர் சமையலறைத் தொட்டிக்கு அடியில் மல்லாந்து படுத்திருப்பார். கல்யாண வீட்டில் போட்டோ எடுக்கத் தேடினால், கை கழுவும் இடத்தில் முழங்கை வரை நனைந்து நிற்பார். ஊர் அவருக்கு வாஷர் என்று பெயர் வைத்தது. அவர் அதைப் பட்டமாகவே எடுத்துக்கொண்டார்.

மனைவி இத்தனை வருஷமாகப் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தாள். போன மாதம் அவளுக்குக் கண் ஆபரேஷன் நடந்தபோதுதான் அந்தப் பொறுமை தீர்ந்தது. கட்டுப் போட்டுக் கூட்டிவந்து பெஞ்சில் உட்கார வைத்தார்கள். சொட்டு மருந்தை எப்படி விடுவது என்று நர்ஸ் விளக்குகிறாள், கேட்டுக்கொள்ள வேண்டிய புருஷனைக் காணோம். மாடிக் கழிவறையில் ஒரு ஃப்ளஷ் தொட்டி நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது அவர் காதில் விழுந்துவிட்டது. அதை நிறுத்திவிட்டுக் கையைத் துடைத்தபடி பெருமையாக இறங்கி வந்தால், பெஞ்சு காலி. அவள் யாரோ ஒரு அம்மாவின் துணையோடு பஸ் ஏறி வீட்டுக்கே போய்விட்டாள்.

அன்றிலிருந்து வீட்டில் பேச்சு நின்றுபோனது. வேளாவேளைக்குத் தட்டு வரும், தண்ணீர் வரும், வார்த்தை மட்டும் வராது. கட்டு அவிழ்த்துப் பார்வை தெளிந்த பிறகு ஒருநாள், துணி மடித்துக்கொண்டே சுவரைப் பார்த்துப் பேசினாள்.

"ஞாயித்துக்கிழமை என்கூட நடக்க வரீங்க. வயல் வழியா போய், ஆத்தங்கரையோரமா பாலம் வரைக்கும். போயிட்டுத் திரும்பி வரணும். நடுவுல ஒரு குழாயைத் தொட்டீங்கன்னா, திங்கக்கிழமை நான் அண்ணன் வீட்டுக்குக் கிளம்பிடுவேன். திரும்பி வர மாட்டேன்."

அவள் கத்தியிருந்தால் அவர் கவலைப்பட்டிருக்க மாட்டார். அலுங்காமல் சொன்னாளே, அதுதான் அவரைப் பயமுறுத்தியது. ஆனாலும் உள்ளுக்குள் ஒரு சின்ன சந்தோஷம். வயல், ஆறு, அங்கே ஏது குழாய்? அதிகம் யோசிக்காமல் சரி என்று தலையாட்டிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை வாசலிலேயே சோதனை நடந்தது. இடுப்பிலிருந்து ஒரு ஸ்பேனர் வந்தது. சட்டைப் பையிலிருந்து நாலைந்து வாஷர் வந்தது. அவள் கொஞ்சம் யோசித்து, "சாக்ஸைக் கழட்டுங்க" என்றாள். அதற்குள்ளே குழாய் மூட்டில் சுற்றும் டேப் ஒரு சுருள் இருந்தது.

"அது எப்படி அங்க போச்சுன்னே தெரியல," என்றார்.

அவள் எல்லாவற்றையும் அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு முன்னால் நடந்தாள்.

தெருமுனைக் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. அதைக் கண்ணை மூடிக்கொண்டு கடந்ததில் நிறுத்தியிருந்த சைக்கிளில் முழங்காலை இடித்துக்கொண்டார். ஊர் முடிந்து வரப்பில் ஏறியதும்தான் மூச்சு வந்தது. இரண்டு பக்கமும் பச்சை. முந்தின நாள் பெய்த மழையில் மண் மெத்தென்றிருந்தது. அவள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, சின்னப் பெண் மாதிரி வெறுங்காலோடு நடந்தாள். இது ஒன்றும் அவ்வளவு கஷ்டமில்லையே என்று அவர் நினைத்த நேரத்தில் பம்பு ஷெட் வந்து தொலைத்தது.

இரும்புக் குழாயின் மூட்டில் தண்ணீர் புஸ்ஸென்று சாரலாகப் பீய்ச்சிக்கொண்டிருந்தது. வெயில் பட்டு அதில் ஒரு குட்டி வானவில் நின்றது.

"எவ்ளோ அழகு பாருங்க," என்றாள்.

அவருக்கு வானவில் எங்கே தெரிந்தது? தேய்ந்துபோன ரப்பரும் முறுக்காத போல்ட்டும்தான் தெரிந்தன. கைகள் தாமாக நீண்டன. அவற்றை இழுத்து முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டு, "ஆமா, அழகு" என்றார். கழுத்தை நெரிக்கப்பட்டவன் குரல் அப்படித்தான் இருக்கும்.

அதற்கப்புறம் அவள் பேசிக்கொண்டே வந்தாள். கண் தெளிந்த பிறகுதான் எதிர் வீட்டுச் சுவரில் இத்தனை விரிசல் இருப்பது தெரிகிறது என்றாள், கொக்கைக் காட்டினாள், தங்கை மகளுக்கு வேலை கிடைத்ததைச் சொன்னாள். அவர் இடத்துக்கு ஏற்றபடி 'ம்' போட்டார். காது மட்டும் பம்பு ஷெட்டிலேயே நின்றுவிட்டது.

ஆற்றங்கரைக்கு ஏறும் இடத்தில் அவள் காலில் முள் குத்தியது. ஒரு கல்லில் உட்கார்ந்து அதைப் பிடுங்கத் தொடங்கினாள். பக்கத்து வரப்பில் மண்ணை வெட்டிய ஒரு மடை வாய் திறந்திருந்தது. வயல் தண்ணீர் அதன் வழியாகக் குபுகுபுவென்று ஆற்றில் போய் விழுந்துகொண்டிருந்தது. அடப்பாவிகளா, இவ்வளவு தண்ணீரா வீணாகப் போகிறது என்று அவர் நெஞ்சு பதறியது. அப்புறம் ஒரு ஞானம் பிறந்தது. பேச்சு குழாயைப் பற்றித்தானே? இது மண். மண்ணைத் தொடக்கூடாது என்று யாரும் சொல்லவில்லையே.

அவள் முள்ளைப் பிடுங்கி முடிப்பதற்குள் வேலை முடிந்தது. அடியில் தட்டைக் கல், இடுக்கில் வேரோடு பெயர்த்த புல், மேலே களிமண், அதற்கு மேலே குதிகால். சத்தம் பட்டென்று நின்றது. அவர் கையைப் புல்லில் துடைத்துவிட்டு ஒன்றும் தெரியாதவர் போல வந்து நின்றார்.

என்ன அதிசயமோ, காது திறந்துகொண்டது. குருவி கேட்டது, ஆறு கேட்டது, பக்கத்தில் நடந்துகொண்டிருந்தவளும் கேட்டாள். பாலத்தின் சுவரில் இருவரும் சாய்ந்து நின்றபோது அவள் ஆஸ்பத்திரியைப் பற்றிச் சொன்னாள்.

"ஒரு கண்ணுல கட்டு, இன்னொண்ணுல மங்கல். பக்கத்துல யாரோ வந்து உக்காந்தாங்க. நீங்கதான்னு நெனச்சு, பயமா இருக்குங்க, கையைப் பிடிச்சுக்கோங்கன்னு சொன்னேன். அந்த ஆளும் பாவம், பிடிச்சுக்கிட்டாரு. ரொம்ப நேரம் விடவே இல்ல. அப்பவே எனக்கு சந்தேகம் வந்திருக்கணும், நீங்க ஏது அவ்ளோ நேரம் பிடிக்கப் போறீங்க."

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. முகம் தெரியாத அந்த ஆள் மேல் பொறாமை வந்தது, தன் மேல் வெட்கம் வந்தது. "தப்புதான்," என்றார். கல்யாணமான நாளிலிருந்து அவர் வாயில் அந்த வார்த்தை வந்ததே இல்லை. அவள் திரும்பி அவரை நன்றாகப் பார்த்தாள்.

"இன்னிக்குத்தான் நான் பேசறது உங்களுக்குக் கேக்குது," என்றாள். அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

திரும்பி அதே இடத்துக்கு வந்தால் வரப்பைக் காணோம். வயல் முழுக்கத் தண்ணீர் தளும்பி நின்றது. பயிரின் நுனி மட்டும் மேலே தெரிய, நடுவில் ஒரு விவசாயி மண்வெட்டியோடு நின்று வரப்பு இருந்த இடத்தைக் குத்திக்கொண்டிருந்தார்.

"மேல் வயல்ல இருந்து வர்ற மழைத் தண்ணி வடியட்டும்னு தொறந்து விட்டிருந்தேங்க. எவனோ அடைச்சிட்டுப் போயிட்டான். இன்னும் கொஞ்ச நேரம் நின்னா பயிர் அழுகிடும். எந்த இடத்துல அடைச்சான்னே தெரியல, தண்ணிக்குள்ள தடவிப் பாத்தாலும் ஒரு கசிவு கூட இல்ல. மனுஷன் அடைச்ச மாதிரியே இல்லைங்க."

பிளம்பரின் நெஞ்சு தன்னையறியாமல் நிமிர்ந்தது. இவ்வளவு நல்ல வார்த்தையை அவர் தொழிலுக்கு யாரும் சொன்னதில்லை. பக்கத்தில் மனைவி நிற்பது அப்புறம்தான் நினைவுக்கு வந்தது. வாயை மூடிக்கொண்டு நடந்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆனால் பயிர் முங்கிக்கொண்டிருந்தது, இடம் தெரிந்த ஆள் அவர் ஒருவர்தான்.

"நான்தான்," என்றார்.

விவசாயி என்ன சொன்னார் என்பதை இங்கே எழுத முடியாது. அவர் திட்டி முடித்த பிறகு மனைவி மெதுவாகக் கேட்டாள்.

"அப்ப பாலத்துல நான் சொன்னது கேட்டுச்சே. இதை அடைச்சதாலதான் கேட்டுச்சா?"

பொய் சொல்லியிருக்கலாம். "ஆமா," என்றார். "ஒழுகிட்டிருந்தா எனக்கு வேற எதுவும் காதுல ஏறாது. நான் என்ன பண்ணட்டும்."

பாலத்தில் பார்த்த சந்தோஷம் அவள் முகத்திலிருந்து வடிந்துவிட்டது. அவர் பேண்ட்டைச் சுருட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கினார். களிமண்ணைப் பெயர்த்து, புல்லை உருவி, கல்லை நெம்பினார். அடைபட்ட தண்ணீர் அத்தனையும் ஓவென்று கத்திக்கொண்டு ஆற்றை நோக்கிப் பாய்ந்தது. விவசாயி பக்கத்திலேயே நின்று கத்தியதுகூட அதில் அமுங்கிப்போனது.

கரையில் அவள் முள் குத்திய காலைத் தூக்கிப் பார்த்தாள். "வலிக்குது," என்றாள். அவரிடம் சொல்லவில்லை. யாரிடமும் சொல்லவில்லை, தனக்குத்தானே முணுமுணுத்தாள்.

பிளம்பர் குனிந்த இடத்திலிருந்து நிமிர்ந்தார். "நடக்காத, அப்படியே உக்காரு. இதோ வரேன்."

"ஏங்க, வாய் இன்னும் பாதி தொறக்கல," என்று விவசாயி கூப்பாடு போட்டார்.

"மீதியை நீங்க பாத்துக்கங்க."

தண்ணீர் பின்னால் போட்ட சத்தம் அவர் பிடரியைப் பிடித்து இழுத்தது. அவர் திரும்பவில்லை. சேறும் சகதியுமாக மேலே ஏறி அவள் பக்கத்தில் உட்கார்ந்து, காலை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, முள்ளின் முறிந்த நுனியைத் தேடினார்.

"நாளைக்கு அண்ணன் வீட்டுக்குப் போறது போறதுதான்," என்றாள். "சொன்னா சொன்னதுதான்."

"சரி," என்றார்.

"நீங்களும் வரீங்க. ஒரு வாரம்."

அவர் தலையைத் தூக்கிப் பார்த்தார்.

"அங்க கிணறுதான்," என்றாள் அவள், சிரிப்பை உதட்டுக்குள் அடக்கிக்கொண்டு. "ஒரு குழாய்கூடக் கிடையாது."