அம்மாவுக்கு அனுப்பாத பிரதி

நாவலுக்கு முன்பணம் கட்டியவர்களில் பாதிப் பேரைப் பிடித்துக்கொண்டு வந்தது அம்மாதான்.

ரத்தப் பரிசோதனை நிலையத்தின் முன்மேசையில் அவளுக்கு வேலை. வருகிறவர்களின் பெயரை எழுதிக்கொள்வாள். மாலையில் ரிப்போர்ட்டை உறையில் போட்டுக் கொடுப்பாள். ரிப்போர்ட்டுக்காகக் காத்திருக்கிறவர்கள் எங்கே ஓடிவிடப் போகிறார்கள்?

"என் பொண்ணு நாவல் எழுதறா சார். இப்பவே பணம் கட்டிட்டா, புஸ்தகம் வந்ததும் வீட்டுக்கே அனுப்பிடுவா. போனைக் குடுங்க, நானே போட்டுத் தர்றேன்" என்பாள்.

சர்க்கரை எவ்வளவு ஏறியிருக்கிறதோ என்ற கவலையில் உட்கார்ந்திருப்பவர்கள் மறுபேச்சில்லாமல் போனை நீட்டினார்கள்.

அவளுடைய மகளை வீட்டில் சின்னவள் என்றுதான் கூப்பிடுவார்கள். மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ்களை ஃபிரேமுக்குத் தகுந்தபடி அரைத்துப் பொருத்துவது அவள் தொழில். பதிப்பகங்களுக்கு அனுப்பி அனுப்பிச் சலித்துப்போய், முதல் மூன்று அத்தியாயங்களை மட்டும் ஓர் இணையதளத்தில் போட்டு, "மீதியை எழுதி, திருத்தி, அச்சடித்துத் தருகிறேன், ஆதரவு தாருங்கள்" என்று கேட்டிருந்தாள். அந்த மூன்றும் கண்ணாடிக் கடையைப் பற்றியவை. வாடிக்கையாளர்களின் வேடிக்கை, முதலாளியின் கஞ்சத்தனம். எல்லோருக்கும் பிடித்திருந்தது. நினைத்ததைவிடச் சீக்கிரமாகவே தொகை சேர்ந்துவிட்டது. அன்று கடை முழுக்கச் சிரித்துக்கொண்டே திரிந்தவளுக்கு, மறுநாள் காலையில்தான் உறைத்தது: பணம் வாங்கியாயிற்று, இனி எழுதியே ஆக வேண்டும்.

ஆறாவது அத்தியாயம்வரை இழுத்துப் பிடித்து எழுதினாள். ஏழாவது தானாக வந்தது. அதில் கண்ணாடிக் கடை இல்லை. இரண்டு குழந்தைகளின் தாய் ஒருத்தி, ஒரு சனிக்கிழமை முற்பகலில், குளியலறையில் எரியாமல் கிடந்த பல்பை மாற்றிவிட்டு, ஒரு பையை எடுத்துக்கொண்டு வீட்டைவிட்டுப் போகிறாள்.

அப்படித்தான் அம்மா போனாள். சின்னவள் அப்போது இரண்டாம் வகுப்பு. அண்ணன் ஆறாவது. "அம்மாவுக்கு வெளியூர்ல வேலை" என்று அப்பா சொன்னார். அத்தை வந்து சமைத்துப் போட்டாள். ஏறக்குறைய ஒரு வருடம் கழித்து அம்மா திரும்பி வந்தாள். வந்த அன்றே பாத்திரங்களை இடம் மாற்றி அடுக்கினாள். யாரும் எதுவும் கேட்கவில்லை. அப்பா இறந்த பிறகும் யாரும் கேட்கவில்லை.

எடிட்டர் போனில் பேசினார். பின்னணியில் அவருடைய குழந்தை இருமிக்கொண்டிருந்தது. "கடை நல்லாத்தான் இருக்குங்க. ஆனா நாவல் ஏழாவதுலதான் ஆரம்பிக்குது. அதுவரைக்கும் நீங்க வாசல்லயே நின்னு கதவைத் தட்டலாமா வேணாமான்னு யோசிச்சிட்டிருக்கீங்க. கடையைப் பாதியாக் குறைங்க. அந்த அம்மாவைப் பெருசாக்குங்க."

"அது வேணாம்னு பார்க்கறேன்."

"ஏன்?"

பதிலுக்கு எடிட்டர் காத்திருக்கவில்லை. "யோசிங்க. ஆனா அதை எடுத்துட்டா மிச்சம் இருக்கறது வெறும் கண்ணாடிக் கடை" என்று மட்டும் சொல்லிவிட்டுக் குழந்தைக்கு மருந்து கொடுக்கப் போய்விட்டார்.

சின்னவள் அதை எடுக்கவில்லை. பெரிதாக்கினாள். நாவலின் கடைசியில், வேறு ஊரில் தெருவைக் கடந்துகொண்டிருக்கும் அந்தத் தாய், தன் மகள் வயதில் ஒரு சிறுமி ஒரு பக்கமாகத் தொங்கும் புத்தகப் பையோடு நடந்து போவதைப் பார்க்கிறாள். அங்கேயே நின்றுவிடுகிறாள். அப்படியே பேருந்து நிலையத்துக்கு நடக்கிறாள். அந்தக் காட்சியை எழுதும்போது சின்னவளே அழுதாள்.

அழுது முடித்ததும் இன்னொன்று நினைவுக்கு வந்தது. கூடுதலாகப் பணம் கட்டியவர்களுக்கு, அச்சுக்குப் போகும் முன்பே வரைவை அனுப்பிக் கருத்துக் கேட்பதாக அவள் வாக்குக் கொடுத்திருந்தாள். அந்த வரிசையில் அம்மாவும் இருந்தாள். அண்ணன்தான் அவளுக்காகக் கட்டியிருந்தான். "அம்மா முதல் ஆளாப் படிக்கட்டும். நான் அச்சாகி வந்த பிறகுதான் படிப்பேன். கம்ப்யூட்டர்ல படிக்கறதெல்லாம் எனக்கு ஆகாது" என்று சொல்லியிருந்தான்.

வரைவை அனுப்பும் நாளில், எல்லா முகவரிகளையும் போட்டுவிட்டு, அம்மாவுடையதை மட்டும் நீக்கிவிட்டு அனுப்பினாள். எப்படியும் சொல்லத்தான் வேண்டும், நேரம் பார்த்து நாமே பக்குவமாகச் சொல்லிவிடலாம் என்று தனக்குத்தானே சமாதானம் செய்துகொண்டாள். அந்த வரிசையில் பரிசோதனை நிலையத்து ஆட்கள் எத்தனை பேர் என்று அவள் யோசிக்கவே இல்லை.

பதில்கள் வரத் தொடங்கின. எல்லோரும் கடைசிக் காட்சியைத்தான் சொன்னார்கள். "பஸ்ஸில் படித்து அழுது, இறங்க வேண்டிய இடத்தை விட்டுவிட்டேன்" என்று ஒருவர். "என் அம்மாவுக்குப் போன் செய்தேன்" என்று இன்னொருவர். ஒவ்வொன்றையும் படிக்கும்போது சின்னவளுக்கு மகிழ்ச்சி வருவதற்குள் பயம் முந்திக்கொண்டது. வீட்டில் அம்மா எதையாவது நங்கென்று வைத்தால் திடுக்கிட்டாள். அம்மா வழக்கம்போலவே இருந்தாள். "உன் வரைவு எப்போ வருது?" என்று ஒருமுறை கேட்டாள். "இன்னும் கொஞ்சம் வேலை இருக்கும்மா" என்றாள் சின்னவள்.

செவ்வாய்க்கிழமை மதியம் அம்மா கடைக்கே வந்துவிட்டாள். முதலாளி சாப்பிடப் போயிருந்தார். சின்னவள் எந்திரத்தை நிறுத்திவிட்டு வெளியே வந்தபோது, பார்வை பரிசோதிக்கிற உயரமான நாற்காலியில், கால் தரையில் படாமல், கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு அம்மா உட்கார்ந்திருந்தாள்.

"எல்லாருக்கும் வந்திருக்கு" என்றாள்.

"என்னதும்மா?"

"என்னதா? ரத்தம் எடுக்கற பொண்ணு ஊசியைக் கையில வெச்சுக்கிட்டே சொல்றா. 'அக்கா, அந்த அம்மா போறப்போ பல்பை மாத்திட்டுப் போறா பாருங்க, அங்கயே எனக்கு அழுகை வந்துடுச்சு'ன்னு. எந்த பல்புடின்னு கேட்டேன். 'என்னக்கா, நீங்க இன்னும் படிக்கலையா'ன்னு அவ முழிக்கிறா. நான் பேந்தப் பேந்த முழிச்சுக்கிட்டு நிக்கறேன்."

சின்னவள் பேச வாயெடுத்தாள். அம்மா கையைக் காட்டி நிறுத்தினாள்.

"எழுதினது கூடப் போகட்டும். ஊரெல்லாம் சொல்லி ஆள் சேர்த்தவ நான். எனக்கு மட்டும் இல்லைன்னு ஆக்கிட்டியேடி."

"பயமா இருந்துச்சும்மா."

"எனக்கு மட்டும் எப்படி இருந்துச்சாம், அங்க நின்னப்போ?"

கடைக்கு ஒருவர் மூக்குப் பகுதி உடைந்த கண்ணாடியோடு வந்தார். சின்னவள் அதை வாங்கி வைத்துக்கொண்டு, நாளைக்கு வரச்சொல்லி அனுப்பினாள். அவர் போகும்வரை அம்மா எதிர்ச்சுவரின் எழுத்து அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்தப் பொண்ணோட போனை வாங்கிப் படிச்சிட்டேன். வேலையை விட்டுட்டு, மருந்து அறையில உட்கார்ந்து முழுசாப் படிச்சேன்" என்றாள் பிறகு. "போனதைச் சரியாத்தான் எழுதியிருக்கே. உனக்கு எப்படித் தெரிஞ்சுதுன்னுதான் தெரியல. திரும்பி வந்ததுதான் அப்படி இல்லை."

"எப்படி இல்லை?"

"நான் உங்களுக்காக வரலைடி."

சின்னவள் முக்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.

"ஒரு சிநேகிதியோட அறையில இருந்தேன். மாத்திரை கம்பெனியில பெட்டி ஒட்டற வேலை. அவளுக்குக் கல்யாணம் ஆச்சு. அறையைக் காலி பண்ணிட்டா. தனியா ஒரு பொம்பளைக்கு யாரும் வீடு தரலை. நானும் நாயா அலைஞ்சேன். எங்க போனாலும் புருஷன் எங்கேங்கற கேள்விதான். ஒரு வீட்டுல முன்பணத்தை வாங்கிட்டு மறுநாள் திருப்பிக் குடுத்துட்டாங்க. அன்னிக்குத்தான் பஸ் ஏறினேன். ஒரு அறை கிடைச்சிருந்தா வந்திருக்க மாட்டேன்." அம்மா கைப்பையின் வாரைத் திருகினாள். "உங்களை நினைக்காம இல்லை. நினைச்சேன். நினைச்சுக்கிட்டேதான் அங்க இருந்தேன்."

"அதை மாத்தி எழுதட்டுமா?" என்று சின்னவள் கேட்டாள். கேட்ட பிறகுதான், தான் மகளாகக் கேட்டோமா எழுத்தாளராகக் கேட்டோமா என்று சந்தேகம் வந்து முகம் சுட்டது.

"எழுதினா எழுது. அந்தப் பையைத் தொங்கப்போட்ட பொண்ணைப் பார்த்து எல்லாரும் அழறாங்க. அவங்க என்னைத்தான் நல்லவள்னு நினைச்சு அழறாங்க. எனக்குக் கூச்சமா இருக்கு." இறங்கப் போனவள் நின்றாள். "பெரியவன்கிட்ட என்ன சொல்றது?"

அம்மா போயிருந்த நாட்களில் அண்ணன்தான் சின்னவளுக்குத் தலைவாரிவிட்டான். அம்மா நமக்காகத்தான் வருவாள், கண்டிப்பாக வருவாள் என்று தினமும் சொன்னவன். அவள் வந்ததும், "பார்த்தியா, நான் சொன்னேன்ல" என்று குதித்தவன்.

முடிவை மாற்றப்போவதாகச் சின்னவள் சொன்னதும் எடிட்டர் பெருமூச்சு விட்டார். "வாசகர்கள் எல்லாரும் அழுத இடத்தையா மாத்தறேங்கறீங்க? அச்சகத்துல நமக்குக் குடுத்த வாரத்தை விட்டுட்டா, அவங்க பரீட்சைப் புத்தகம் அடிக்கப் போயிடுவாங்க. அப்புறம் எப்பன்னு சொல்ல முடியாது."

"தெரியும். ஆனா அந்த முடிவு பொய்."

"நாவல்னாலே பொய்தானேங்க?"

"இது வேற பொய்."

"சரி, எழுதி அனுப்புங்க. பார்க்கறேன். ஆனா தாமதத்துக்கு நீங்கதான் எல்லாருக்கும் பதில் சொல்லணும்."

சொன்னாள். ஏச்சும் கேட்டாள். "இன்னும் எத்தனை மாதம்?" என்றார்கள். "புத்தகம் வருமா, இல்லை பட்டை நாமம்தானா?" என்று ஒருவர் எல்லோரும் பார்க்கும்படி எழுதினார். கடையில் லென்ஸ் அரைக்கும்போது கவனம் பிசகி, விலையுயர்ந்த ஒன்றை விளிம்பில் சில்லு போகவிட்டு முதலாளியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாள். கடைசி அத்தியாயத்தைத் திரும்பத் திரும்ப எழுதினாள். அறை தேடி அலையும் ஒருத்தி, கதவுகள், கேள்விகள், பேருந்து. சிறுமி கதையிலிருந்தே போய்விட்டாள். அதைப் படித்த எடிட்டர், அழுததாகவோ பிடித்ததாகவோ சொல்லவில்லை. இரண்டு இடங்களில் வாக்கியத்தைச் சுருக்கச் சொன்னார். பிறகு அச்சகத்தில் பேசி, கிடைத்த ஒரு வாரத்தைப் பிடித்து வைத்தார்.

அண்ணனிடம் மட்டும் இருவருமே சொல்லவில்லை. "நீயே சொல்லிடேன்" என்பாள் அம்மா. "நீ சொன்னாத்தாம்மா சரி" என்பாள் சின்னவள். அண்ணன் போன் செய்யும்போதெல்லாம் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவன் புத்தகம் எப்போது வரும் என்று கேட்பான். அச்சகத்தில் தாமதம் என்பார்கள்.

புத்தகங்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்திறங்கின. பார்சல் கட்ட ஆள் வேண்டுமே என்று அண்ணன் தானாகவே வந்துவிட்டான். பெட்டியைப் பிரித்து, மேலே இருந்த ஒன்றை எடுத்து முகர்ந்து பார்த்தான். "கட்டறதை நீங்க ஆரம்பிங்க. நான் கொஞ்சம் பார்த்துட்டு வரேன்" என்று மாடிப்படிக்குப் போய் உட்கார்ந்தான்.

அம்மாவும் மகளும் கூடத்தில் தரையில் உட்கார்ந்து முகவரி ஒட்டினார்கள். படியிலிருந்து அவன் சிரிப்பது கேட்டது. முதலாளியின் கஞ்சத்தனம் வருகிற இடமாக இருக்கும். பிறகு சிரிப்பு நின்றது. நெடுநேரம் எந்தச் சத்தமும் இல்லை. அம்மா ஒரே உறையில் இரண்டு முகவரிகளை ஒட்டினாள். சின்னவள் அதைப் பிரித்து எடுத்தாள். சாப்பிடக் கூப்பிட்டதற்கு "அப்புறம்" என்று மட்டும் பதில் வந்தது. அந்தக் குரலில் எதையும் கண்டுபிடிக்க முடியவில்லை. அவர்களும் சாப்பிடவில்லை.

"போய்ப் பாரேன்" என்றாள் அம்மா, வாயசைவில்.

சின்னவள் தலையாட்டி மறுத்தாள்.

பிற்பகலில் அவன் எழுந்து வந்தான். புத்தகத்தில் விரலைச் செருகி வைத்திருந்தான். கண்கள் சிவந்திருந்தன. தங்கையைப் பார்க்கவே இல்லை. அம்மாவுக்கு எதிரே, உறைகளைத் தள்ளிவிட்டு உட்கார்ந்தான். கோபப்படுவான் என்று சின்னவள் நினைத்தாள். அம்மா பசைக் குப்பியை இறுகப் பிடித்திருந்தாள்.

"நிஜமா இதெல்லாம்?"

"ம்."

"அறை கிடைச்சிருந்தா வந்திருக்க மாட்டேங்கறது?"

"ம்."

எழுந்து போய்விடுவான் போலிருந்தது. போகவில்லை. புத்தகத்தைத் தரையில் கவிழ்த்து வைத்தான்.

"அந்த சிநேகிதி அறையில ஜன்னல் இருந்துச்சாம்மா?" என்று கேட்டான்.

அம்மா இந்தக் கேள்வியை எதிர்பார்க்கவில்லை. "ஒண்ணு இருந்துச்சு. திறக்க வராது" என்றாள். "வெளியில ஒரு டயர் கடை. நாள் பூரா காத்து அடிக்கற சத்தம். முதல்ல தூக்கமே வராது."

"சாப்பாட்டுக்கு?"

"கம்பெனியிலயே போடுவாங்க. ஞாயித்துக்கிழமை மட்டும் இருக்காது. அன்னிக்கு நானும் அவளும்..."

அம்மா தயங்கித் தயங்கிப் பேசத் தொடங்கினாள். அவன் குறுக்கே குறுக்கே கேட்டான். கேள்விகளில் கோபமும் இருந்தது. ஒன்றுக்கு அவள் அழுதாள். அதற்காக அவன் கேட்பதை நிறுத்தவில்லை. சின்னவள் உறையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டே இருந்தாள். டயர் கடை, திறக்காத ஜன்னல், ஞாயிற்றுக்கிழமைகள். இவற்றில் ஒன்றுகூட நாவலில் இல்லை. புத்தகங்களோ அச்சாகிவிட்டன, பாதி உறைகளில் முகவரியும் ஒட்டியாகிவிட்டது.