இக்கல்லுக்குக் கிழக்கே

பேராசிரியர் பதவிக்கான நேர்முகத் தேர்வுக்கு இன்னும் ஐந்தே நாள். புத்தகம் நாளை அச்சேறுகிறது. அட்டைக்கு ஒரு நல்ல படம்தான் பாக்கி. அதற்காகக் கலாநிதி பீற்றிஸ் காலையிலேயே வவுணதீவு வயல் வட்டைக்கு வந்து, வரம்பில் குந்தியிருந்து கல்வெட்டைப் படம் பிடித்துக்கொண்டிருந்தார்.

பத்தொன்பது வருடமாக அவருக்குச் சோறு போடும் கல் அது. 'இக்கல்லுக்குக் கிழக்கே உள்ளது வணிகருக்கு' என்று அதில் வெட்டியிருந்தது. கிழக்கே பார்த்தால் வயல். ஆகவே இடைக்கால வணிகர்கள் இங்கே பெரும் நிலக்காரர்கள் என்பது அவருடைய முடிவு. சந்தேகம் கிளப்பிய ஒரு கொழும்பு ஆய்வாளர் பீற்றிஸிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார்.

வயல்காரர் மண்வெட்டியை வைத்துவிட்டு வந்தார்.

"வெயில் எதிர்க்க அடிக்குது என்ன மெடம்? சொல்லுங்க, கல்லைக் கிளப்பி மற்றப் பக்கம் திருப்பி நட்டுத் தாறன்."

"ஐயோ, தொட்டுப்போடாதீங்க! எண்ணூறு வருசமா நிக்கிற கல்லு."

"எங்க எண்ணூறு? எழுபத்தெட்டாம் ஆண்டுச் சூறாவளிக்குப் பிறகு எங்கட அப்பாதான் வண்டில்ல கொண்டந்து நட்டவர். மாடு முதுகு தேய்க்க. நானும் கூடப் பிடிச்சன்."

பீற்றிஸ் கமராவைக் கீழே இறக்கினார்.

"முதல் எங்க நிண்டது?"

"வாவிக்கரையில, தோணித்துறைக்குப் பக்கத்தில. அதுக்குக் கிழக்க தண்ணிதான்."

தண்ணீர்! அப்படியானால் வணிகருக்குக் கிடைத்தது வயலல்ல, வாவி. துறையும் தோணியும் மீனும். இதை இதுவரை யாரும் எழுதவில்லை. எழுதினால் அவருடைய ஐந்து அத்தியாயமும் குப்பை. ஐந்து நாள் வாயை மூடிக்கொண்டிருந்தால் பேராசிரியர். இந்த மனுஷன் புத்தகம் வாங்கிப் படிக்கவா போகிறார்? அப்படி நினைத்ததற்கே பீற்றிஸுக்கு வெட்கமாக இருந்தது.

"இவ்வளவு காலமும் ஏன் சொல்லயில்ல?"

"நீங்க வந்தா கல்லோடதானே கதைப்பீங்க."

சுருக்கென்று தைத்தது. சாதாரண மக்களின் வாழ்க்கை என்று புத்தகத்துக்கு உபதலைப்பு வேறு வைத்திருந்தார்.

கைபேசியை எடுத்து அச்சகத்துக்கு அடித்தார். "நிற்பாட்டுங்க. ஓம், முழுசா." மறுமுனையில் கத்தினார்கள். கத்தட்டும் என்று வைத்துவிட்டு, குறிப்புப் புத்தகத்தில் புதுப் பக்கம் திருப்பினார்.

"முதல்ல உங்கட பேரைச் சொல்லுங்க."

"வினாயகமூர்த்தி," என்றார் அவர். "ஒவ்வொரு முறையும் உங்களுக்கு இளநி வெட்டித் தாறவன்."